கண் கழுவும் தண்ணீர்

கண் கழுவும் தண்ணீர்ப் பாட்டிலின் ஆயுள் மூன்று வருடம் என்று அதன் கழுத்தில் அச்சடித்திருக்கிறது. எங்கள் பட்டறையில் அது ஆறு நாளில் உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு இது தெரியவந்ததற்குக் காரணம் என் கூர்மையான புத்தி இல்லை. நான் ஸ்டோர் கீப்பர். காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு புதுப் பாட்டிலைக் கொடுப்பவன் நான்தான். அப்படியும் எட்டாவது பாட்டிலை எடுத்துக் கொடுக்கும்போதுதான் 'இது என்ன மோரா, இப்படித் தீருது' என்று தோன்றியது.

எங்களுடையது முலாம் பூசும் பட்டறை. கதவுக் கீல், தாழ்ப்பாள், போல்ட்டு என்று எது துருவோடு வந்தாலும் முதலில் அமிலத் தொட்டியில் முக்கி, கழுவி, பிறகு பளபளவென்று முலாம் போட்டு அனுப்புவோம். அமிலம் தெறித்துக் கண்ணில் பட்டால் உடனே கழுவுவதற்காகத் தொட்டிகளுக்கு எதிர்ச் சுவரில் ஒரு பச்சைப் பெட்டி, அதற்குள் ஒரு லிட்டர் பாட்டில். ஆனால் என் பதிவேட்டின்படி எங்கள் பட்டறையில் யார் கண்ணிலும் எதுவும் படவில்லை. முந்நூற்று முப்பத்தெட்டு நாளாக ஒரு கீறல்கூட இல்லை.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன வருடம், பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டுமென்று எங்கிருந்தோ ஓலை வந்தது. முதலாளி பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தார். நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர் நின்றுகொண்டு வேலை பார்த்தார்கள். உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன். மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார். நான்காம் நாள் சான்றிதழும் மஞ்சள் ஹெல்மெட்டுமாகத் திரும்பி வந்தேன். எங்கள் பட்டறையில் தலைக்கு மேலிருந்து விழக்கூடிய ஒரே பொருள் பல்லி. ஆனாலும் முன்மாதிரியாக இருக்க வேண்டுமே. ஹெல்மெட், கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டுதான் தொட்டிப் பக்கம் போவேன். ஒரே வாரத்தில் என் சொந்தப் பெயர் காலாவதியாகி 'ஹெல்மெட் சார்' ஆனேன்.

வந்த வேகத்தில் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் எச்சரிக்கைத் தாள் ஒட்டினேன். இரண்டு, வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று பெரிய பலகை வைத்தேன். ஒவ்வோர் எண்ணும் ஓரடி உயரத் தகரம். தினமும் காலை எட்டு மணிக்குக் கொக்கியில் நானே மாட்டுவேன். முந்நூற்று அறுபத்தைந்தை எட்டினால் எல்லோருக்கும், வீட்டாரோடு, இரண்டு நாள் கடற்கரைப் பயணம், பேருந்தும் அறையும் முதலாளி செலவு. இந்த யோசனையும் என்னுடையதுதான். 'கண்ணு லேசா எரிஞ்சாகூட அது சம்பவம்தான். எழுதிட்டா பலகை பூஜ்யம்' என்று வகுப்பில் மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் கையிலிருந்த லேசர் பேனாவின் சிவப்பு விளக்கைச் சுவரில் அடித்து.

பலகைமேல் மற்றவர்களைவிட அதிக அக்கறை தொட்டியக்காவுக்கு. அமிலத் தொட்டியில் பதினான்கு வருடமாக நிற்பவர். அந்தப் பெயர் அங்கிருந்து வந்தது. தினமும் காலையில் நான் எண்ணை மாட்டி முடிக்கும் நேரத்துக்கு வந்து நின்று கேட்பார்.

"இன்னைக்கு எத்தனை சார்?"

"முந்நூத்தி முப்பத்தெட்டுக்கா."

"ஆகட்டும், ஆகட்டும்."

ஒரு பயிற்சியாளனுக்கு இதைவிட என்ன வேண்டும். நான் ஹெல்மெட்டுக்குள் பூரித்துப் போவேன்.

இப்போது பாட்டில். தண்ணீர் தீர்கிறதென்றால் யாருக்கோ கண் எரிகிறது. எரிகிறதென்றால் யாரோ மறைக்கிறார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் சட்டைப் பொத்தானைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பல்பசை தீர்ந்து நாலு நாளாச்சு. அது உங்க கண்ணுல படல. அங்க ஒரு பாட்டில் தீர்ந்ததுக்கு இந்த யோசனை" என்றாள் மனைவி.

"பல்பசை என் பொறுப்பில்ல."

"எதுதான் உங்க பொறுப்பு? சரி, யாருன்னு கண்டுபிடிச்சா என்ன செய்வீங்க?"

"எழுதணும். பூஜ்யம் போடணும். கடற்கரை போச்சு."

"கண்டுபிடிக்கலன்னா?"

"யாரோ ஒருத்தர் கண்ணு போகும்."

"அப்ப இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஃபிட்டர் வீட்டுல பெட்டியே கட்டி வச்சுட்டாங்களாம். பஸ்ல யார் ஜன்னலோரம்னு சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிச்சாச்சு."

"நமக்கு எந்த சீட்டு?"

"கடைசி வரிசை."

"பாதுகாப்பு அலுவலருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவளுக்குக் கடைசி வரிசை என்றால் வாந்தி வரும்.

மறுநாள் துப்பறிய ஆரம்பித்தேன். பாட்டிலில் பேனாவால் மெல்லிய கோடுகள் போட்டேன். முதல் சந்தேகம் ஃபிட்டர் மேல். மூக்குக்கண்ணாடி போடுபவர், அதைக் கழுவ இந்தத் தண்ணீரை எடுக்கலாம். எதையோ விசாரிப்பதுபோல் அருகில் போய் அவர் கண்ணாடியை உற்றுப் பார்த்தேன். அதன் வழியாக அவருக்கு உலகம் தெரிவதே அதிசயம். விடுதலை செய்தேன். இரண்டாவது சந்தேகம் முதலாளி அறையில் இருக்கும் செடி. மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். கட்டாந்தரையாக வறண்டிருந்தது. முதலாளி நிமிர்ந்து, "என்னய்யா?" என்றார். "மண் பரிசோதனை சார்" என்றேன். சுற்றுச்சூழல் பொறுப்பும் என்னிடம்தான் இருந்ததால் அவர் நம்பிவிட்டார்.

நான்கு நாளில் கோடுகள் பேச ஆரம்பித்தன. தண்ணீர் எல்லா நேரமும் குறையவில்லை. காலை பத்தரைக்குமேல் ஒரு கோடு, பிற்பகல் மூன்றரைக்குமேல் ஒரு கோடு. வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு மடங்கு. வெள்ளிக்கிழமை தொட்டியில் புது அமிலம் ஊற்றும் நாள். இது தெறிப்பு இல்லை, புகை. ஆனால் தொட்டிக்கு மேல் தகரக் கூண்டு இருக்கிறது. கிளம்பும் புகையைக் கூண்டு உறிஞ்சிக் குழாய் வழியாக மாடிக்கு அனுப்பும். அங்கே ஒரு கோபுரம் தண்ணீர் தெளித்து அதைக் கழுவி, சுத்தமான காற்றாக வெளியே விடும். ஐந்து மாதம் முன்புதான் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அந்தக் காற்றை அளந்து போனார். அனுமதித்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று வந்த அறிக்கை முதலாளி அறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பிறகு புகை எங்கிருந்து வருகிறது?

அடுத்த வாரத் திங்கட்கிழமை பத்து மணிக்கு, காலி டிரம்களுக்குப் பின்னால் ஒளிந்தேன். மஞ்சள் ஹெல்மெட் அரை மைல் தூரத்துக்குத் தெரியும் என்பதால் அதைக் கழற்றினேன். முகமூடியோடு மூச்சு விட்டால் முக்குளிப்பவன்போல் சத்தம் வரும், அதையும் கழற்றினேன். கண்ணாடி பளிச்சிடும். அதுவும் போயிற்று. பதினோரு மாதத்தில் முதல் முறையாக வெறும் முகத்தோடு அங்கே உட்கார்ந்தேன்.

ஆறாவது நிமிடம் தொண்டை கமறியது. பத்தாவது நிமிடம் கண்ணுக்குள் யாரோ வெங்காயத்தைப் பிழிந்ததுபோல் இருந்தது. துடைக்கத் துடைக்க ஊறியது. அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் என்னை நானே பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில், மற்றவர்கள் என்ன காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவர்களுக்குக் கொடுத்திருந்த கண்ணாடியில் பக்கவாட்டில் காற்றுத் துளைகள் உண்டு. தெறிப்பைத் தடுக்கும். புகையை வாருங்கள் என்று வரவேற்கும்.

பத்தரை ஆனது. தொட்டிப் பிரிவின் ஆறு பேரும் ஒவ்வொருவராகப் பச்சைப் பெட்டிக்கு வந்தார்கள். ஒருவர் கழுவ, ஒருவர் ஸ்டோர் பக்கம் பார்த்துக் காவல் நின்றார்.

"ஹெல்மெட் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல. ஸ்டோர்ல தூங்குது போல."

"இன்னைக்கு உன் முறை ஒரு மூடி. வெள்ளிக்கிழமை ரெண்டு மூடி ஊத்திக்கிட்ட."

"அன்னைக்குக் கண்ணு கோவைப்பழமா இருந்துச்சுப்பா."

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் சுவரொட்டியில் இருந்ததை வரி தவறாமல் செய்தார்கள். தலையைச் சாய்த்து, இரண்டு விரலால் இமையை விரித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட்டு, விழியை நாலா பக்கமும் உருட்டி. அளவு முடிந்ததும் மிச்ச நேரத்துக்குப் பக்கத்துக் குழாயடி. வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருத்தர்கூடத் தூங்கவில்லை. சுவரொட்டியின் கடைசி வரியை மட்டும் எல்லோரும் சேர்ந்து விட்டுவிட்டார்கள்: 'உடனே பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கவும்.'

அவர்கள் போனபின் தொட்டியக்கா மட்டும் திரும்பி வந்தார். பெட்டியை நேராகத் திறக்கவில்லை. சுவரைத் தடவி, விளிம்பைக் கண்டுபிடித்துத் திறந்தார்.

நான் டிரம் மறைவிலிருந்து எழுந்தேன். மூன்றடி தூரத்தில் நின்றேன்.

"யாரு, ஃபிட்டரா?" என்றார்.

"நான்தான்கா."

குரலைக் கேட்டதும் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், மிட்டாய் திருடிய பிள்ளைபோல. "சார்... சோப்பு பட்டுருச்சு. வேற ஒண்ணுமில்ல."

"நான் மூணு அடியில நிக்கிறேன். என் மூஞ்சி தெரியலையா?"

"ஹெல்மெட் இல்லையே சார். அதான்."

எனக்கு அப்போது வாசல் பலகை ஞாபகம் வந்தது. ஓரடி உயர எண்கள். பத்தடி தூரம். 'இன்னைக்கு எத்தனை சார்?' அக்கறை என்று பூரித்தேனே.

"அக்கா, பலகை தெரியுதா உங்களுக்கு?"

அவர் பாட்டிலை முன்னால் கொண்டுவந்து, தடவி மூடியைத் திருகினார். பிறகு, "சாயங்காலத்துல தெரியாது சார். காலையில கொஞ்சம் வெள்ளையா தெரியும். நம்பர் தெரியாது" என்றார்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசம் இருக்கும். இருபது நாள்தான் பாக்கி. போய்ட்டு வந்து டாக்டர்கிட்ட காட்டிக்கிறேன். என்னால அத்தனை பேரு போறது கெட்டுடக் கூடாது. உங்க கால்ல வேணா விழறேன், எழுதிடாதீங்க."

"அங்க போய் என்னத்தப் பாப்பீங்க? கடலும் வெள்ளையா தெரியும்."

சொல்லியிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது. ஆனால் அவர் சிரித்தார். "சத்தம் கேக்கும்ல சார்" என்றார்.

ஏணியைத் தூக்கிக்கொண்டு ஃபிட்டரை இழுத்துப் போனேன். கூண்டிலிருந்து மாடிக்குப் போகும் குழாயில், காற்றைக் கூட்டிக் குறைக்க உள்ளே ஒரு தகரத் தட்டு உண்டு. வெளியே அதன் கைப்பிடி. கைப்பிடி குழாயோடு நேராக நின்றால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அது முக்கால்வாசி குறுக்கே திரும்பி நின்றது. அதன்மேல் சிவப்புத் தாள்: 'தொடாதே. பாதுகாப்பு அலுவலர்.' கீழே என் கையெழுத்து, வழக்கம்போல ஒரு சுழியோடு.

"இதை யாரு மூடினது?"

"அளக்க வந்தாரே, அவரு. காத்து வேகமா இருக்கு, கருவி ஆடுதுன்னு சொல்லி மூடினாரு" என்றார் ஃபிட்டர். "நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. அன்னைக்கே தாளை ஒட்டிட்டுப் போனீங்க."

"நீங்க அப்புறம் திறக்கலையா?"

"திறக்கத்தான் சார் ஏறினேன். பார்த்தா 'தொடாதே'. இறங்கிட்டேன்."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"போன வருசம் ஒரு தாளைப் பத்திக் கேட்டதுக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தீங்களே."

மேலே கோபுரத்தில் அளந்த காற்று அவ்வளவு சுத்தமாக இருந்ததன் ரகசியம் இதுதான். புகையில் பாதி அங்கே போய்ச் சேரவே இல்லை. கீழேயே நின்று, ஆறு பேர் கண்ணுக்குள் போயிருக்கிறது. பதினோரு மாதத்தில் பட்டறை என் பேச்சை மறு பேச்சில்லாமல் கேட்டது ஒரே ஒரு தடவை. அது இந்தத் தடவை.

தாளைக் கிழித்தேன். கைப்பிடி பசையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஃபிட்டர் ஒரு தட்டுத் தட்டினார். குழாய் பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். கீழே தொட்டியின் மேல் படர்ந்திருந்த மெல்லிய வெள்ளைப் படலம் எழுந்து கூண்டுக்குள் போனது. ஆறு பேரும் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

ஆனால் அக்காவின் கண் அப்படித் திறக்கிற கைப்பிடி இல்லை. சம்பவம் என்று எழுதினால்தான் பட்டறை வைத்தியத்துக்கு அனுப்பும், தொட்டியிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றும், குணமாகும்வரை சம்பளமும் நிற்காது. படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில் இரண்டு விரற்கடை இடம்தான் விட்டிருந்தார்கள். 'பாதுகாப்பு அலுவலர்' என்று எழுதினேன். சரியாகப் பொருந்தியது.

முதலாளி படிவத்தை இரண்டு தடவை படித்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் சுவரில் தொங்கும் அறிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த அளவும் தப்பாய்யா?"

"தப்புதான் சார். திறந்து வச்சு மறுபடி அளக்கணும். அளந்தது செல்லாதுன்னு நாமளே எழுதிப் போடணும்."

"நாமளே போய் மாட்டிக்கிறதா? தட்டைத் திறந்தாச்சு. அந்தம்மாவை என் செலவுல டாக்டர்கிட்ட அனுப்பிடறேன். பலகை பாட்டுக்குப் போகட்டும். இன்னும் இருபது நாள்தானே. எல்லாருக்கும் சந்தோஷம்."

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் பயமாக இருந்தது. "தொட்டி வரைக்கும் வாங்க சார். முகமூடி வேண்டாம்" என்றேன். ஃபிட்டரிடம் கைப்பிடியைப் பழையபடி திருப்பச் சொல்லி, தொட்டியின் பக்கத்தில், அக்கா நிற்கும் மரப்பலகையில் அவரை நிற்க வைத்தேன். நானும் நின்றேன். ஆறு பேரையும் வெளியே அனுப்பிவிட்டோம்.

முதலாளி எட்டு நிமிடம் தாங்கினார். பிறகு பச்சைப் பெட்டியைத் தேடிப் போனார். பாட்டில் காலி. குழாயடியில் தலையைக் குனிந்தபடி, "இதுல எத்தனை மணி நேரம்யா நிக்கிறாங்க?" என்றார்.

"எட்டு சார்."

முகத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே நின்றார். "தட்டைத் திற. படிவத்தைக் கொண்டா" என்றார். மறுநாள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் கடிதம் போனது. சுவரில் அறிக்கை இருந்த இடத்தில் இப்போது ஒரு வெளுத்த சதுரம்.

பலகையில் பூஜ்யத்தை மாட்டியது நான்தான். மூன்று கொக்கியில் இரண்டு காலி. வேலை முடிந்து எல்லோரும் அதைக் கடந்து போனார்கள். ஃபிட்டர் மட்டும் நின்று, "ஜன்னலோர சீட்டு சார், எனக்கு" என்றுவிட்டுப் போனார். ஒரு வாரம் ஸ்டோரில் வந்து போல்ட்டு கேட்டவர்கள் என்னைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்துக் கேட்டார்கள். கடற்கரை என்ன ஆயிற்று என்று முதலாளியிடம் கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றார். அவருடைய 'பார்க்கலாம்' எந்தப் பக்கம் விழும் என்று பதினாறு வருடமாக எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் கண் எரிகிறது, கை அரிக்கிறது என்று சொல்ல வந்தால் அதற்காக எண் இனிமேல் பூஜ்யமாகாது என்று அவரிடம் எழுதி வாங்கிவிட்டேன். முதல் வாரமே பதினோரு பேர் வந்தார்கள். ஒருவர் பல்வலிக்கு.

டாக்டர் அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டு, கருவிழியின் மேல்தோல் புகையில் வெந்து வெந்து மங்கியிருக்கிறது, சொட்டு மருந்தும் நல்ல காற்றும் இருந்தால் இடது கண் தேறும், வலது கண்ணைப் பற்றி இப்போது சொல்வதற்கில்லை என்றாராம். இன்னும் மூன்று மாதம் போயிருந்தால் இடதும் சந்தேகம்தான். கண் தேறும்வரை அக்காவை என் ஸ்டோரில் போட்டார்கள். எந்தப் பெட்டியில் எந்தப் போல்ட்டு என்று தொட்டே சொல்லிவிடுவார். இரண்டே வாரத்தில் ஆட்கள் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டு அவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். மறுபடியும் பட்டறையில் உட்கார்ந்திருப்பவன் நான் ஒருவன்.

நேற்றுக் காலை. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தேன். பல்பசை வாங்க நின்றதில் பத்து நிமிடம் தாமதம். எனக்கு முன்னால் அக்கா போய்க்கொண்டிருந்தார். பலகைக்கு இருபதடி முன்னால் நின்றார். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு தலையைக் கொஞ்சம் சாய்த்தார். அங்கேயே நின்றார். நானும் பின்னால் நின்றேன். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். பதிலையும் நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

"என்ன சார்," என்றார் திரும்பாமலே. "இருபத்தியாறுன்னு தொங்குது. நேத்தே அதானே. இன்னைக்கு இன்னும் மாத்தலையா?"